ஃபாஸ்டர் கேர் குழந்தைகளுக்குத் துணை நிற்க ஐந்து வழிகள்: உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும்?

பிறந்தநாள் என்றால் ஊரில் ஆதரவற்றோர் இல்லம் ஒன்றுக்குப் போய் ஒரு வேளைச் சாப்பாடு போட்டுவிட்டு வருவது நம்மில் பலருக்குப் பழக்கம். அமெரிக்காவுக்கு வந்து பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆன பிறகு அதே மனத்தோடு கேட்கிறார்கள்: இங்கே குழந்தைகளுக்கு என்ன செய்யலாம், எந்த இல்லத்துக்குப் போகலாம்? அப்படிப் போய்ச் சாப்பாடு போடக்கூடிய இல்லங்கள் இங்கே ஏறக்குறையக் கிடையாது. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் யாரோ ஒருவருடைய வீட்டில் இருக்கிறார்கள். அது சொந்தப் பாட்டியின் வீடாக இருக்கலாம். முன்பின் பார்த்தறியாதவர்களின் வீடாகவும் இருக்கலாம். 2023 செப்டம்பர் இறுதிக் கணக்கில் நாடு முழுவதும் இப்படி இருந்தவர்கள் சுமார் 3,43,000 பேர். நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலேயே அவர்களும் படிக்கிறார்கள். நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஃபாஸ்டர் கேரைத் தமிழில் 'வளர்ப்புப் பராமரிப்பு' என்று எழுதியதும் தத்தெடுப்பு நினைவுக்கு வந்துவிடுகிறது. இரண்டும் வேறு. அடி, உதை, பட்டினி, கவனிப்பின்மை, பெற்றோரின் போதைப் பழக்கம் போன்ற காரணங்களால் ஒரு குழந்தை பாதுகாப்பாக இல்லை என்று நீதிமன்றம் கருதினால், அரசு அந்தக் குழந்தையைத் தற்காலிகமாக வேறோர் இடத்தில் வைக்கிறது. பெரும்பாலான வழக்குகளில் முதல் நோக்கம் குழந்தை தன் வீட்டுக்கே திரும்புவது. ஃபாஸ்டர் கேரை விட்டு வெளியேறும் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் தாய் தந்தையிடமே போகிறார்கள். எந்த வழியில் உதவப் போனாலும் இந்த ஓர் உண்மையை மறந்துவிட்டால் நல்ல மனத்தோடே தவறு செய்வோம்.

நான் சில ஆண்டுகளாகக் கீழே சொல்லும் வழிகளில் முதலாவதைச் செய்துவருகிறேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கவில்லை. நான் சந்தித்த குழந்தைகளைப் பற்றி இதில் ஒரு வரிகூட இருக்காது. இரகசியம் காப்பதாக நீதிபதி முன் உறுதிமொழி எடுத்திருக்கிறேன். உதாரணங்கள் எல்லாம் விளக்குவதற்காக நானே கற்பித்தவை.

முதல் வழி: நீதிமன்றத்தில் குழந்தைக்காகப் பேசுவது

1976-இல் சியாட்டில் நகரம் அடங்கிய கிங் கவுன்டியில் டேவிட் சூக்கப் என்ற நீதிபதி இருந்தார். குழந்தைகளின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் வழக்குகள் அவரிடம் வந்தன. அரசுத் தரப்பு ஒன்று சொல்லும், பெற்றோர் தரப்பு வேறொன்று சொல்லும். குழந்தையின் பக்கத்திலிருந்து மட்டும் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. போதிய தகவல் இல்லாமல் தீர்ப்புச் சொல்லிவிட்டு இரவில் தூக்கம் வராமல் தவித்தவர், பொதுமக்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே குழந்தைக்காக நியமித்தால் என்ன என்று யோசித்தார். மதிய உணவு நேரத்தில் ஒரு கூட்டத்துக்கு அழைப்பு விடுத்தார். நான்கைந்து பேர் வந்தாலே அதிகம் என்று நினைத்த இடத்தில் ஐம்பது பேர் வந்து நின்றார்கள். 1977-இல் திட்டம் தொடங்கியது. அதுதான் இன்று 'கோர்ட் அப்பாயின்டட் ஸ்பெஷல் அட்வகேட்' என்று நாடெங்கும் நடக்கிறது. சுருக்கமாகக் காஸா (CASA) என்பார்கள். வட கரோலினா போன்ற சில மாநிலங்களில் 'கார்டியன் ஆட் லைட்டம்' என்ற பெயரில், தன்னார்வலரும் வழக்கறிஞரும் ஒரே குழுவாக வேலை செய்கிறார்கள். நீங்கள் வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. சட்டம் படித்திருக்கவும் வேண்டியதில்லை.

தேசிய அமைப்பின் விதிகள் தெளிவானவை. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். குற்றப் பின்னணி, குழந்தைகள் மீதான வன்முறைப் பதிவேடு எல்லாம் சோதிக்கப்படும். நேர்காணல் உண்டு. குறைந்தது 30 மணி நேரப் பயிற்சி, அதன் பிறகு ஆண்டுதோறும் 12 மணி நேரம். ஒரு நேரத்தில் ஒரு வழக்கு, மிஞ்சினால் இரண்டு. மாதம் ஒரு முறையாவது குழந்தையை நேரில் பார்க்க வேண்டும். பார்ப்பது, பேசுவது, எழுதுவது, நீதிமன்றம் போவது எல்லாம் சேர்த்து மாதத்துக்குப் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில மாதங்களில் நான்கு மணி நேரம்தான் ஆகும். விசாரணை வரும் மாதத்தில் இருபதும் ஆகும்.

ஆனால் மணிக்கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உண்மையான கடன் கால அளவில் இருக்கிறது. வழக்கு முடியும் வரை நீங்கள் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுஆய்வு. பன்னிரண்டு மாதத்துக்குள் குழந்தையின் நிரந்தர இடம் பற்றிய விசாரணை. கடந்த 22 மாதங்களில் 15 மாதம் குழந்தை ஃபாஸ்டர் கேரில் இருந்துவிட்டால், சில விதிவிலக்குகள் தவிர, பெற்றோரின் உரிமையை ரத்து செய்ய அரசு மனு போட வேண்டும் என்கிறது 1997-ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு தாய்க்கு இந்தக் கடிகாரம் எவ்வளவு வேகமாக ஓடும் என்று எண்ணிப் பாருங்கள். போதை மறுவாழ்வு மையத்தில் இடம் கிடைக்கவே பல வாரம் ஆகலாம். வேலை தேட வேண்டும், வாடகைக்கு வீடு பிடிக்க வேண்டும், வாரம் இரண்டு முறை குழந்தையைச் சந்திக்க இரண்டு பஸ் மாறி வர வேண்டும். அதே நேரத்தில் மூன்று வயதுக் குழந்தைக்குப் பதினைந்து மாதம் என்பது வாழ்க்கையில் கிட்டத்தட்டப் பாதி. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற இடத்தில்தான் நீங்கள் நிற்கிறீர்கள்.

இதற்கிடையில் சமூகப் பணியாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் வேலையை விடுவார், மற்றவர் வேறு பிரிவுக்குப் போவார். பள்ளி மாறும், வீடு மாறும், மனநல ஆலோசகர் மாறுவார். மாறாமல் இருக்கும் ஒரே பெரியவர் சில வழக்குகளில் இந்தத் தன்னார்வலர்தான். அதனால்தான் பாதியில் விடுவது இதில் சாதாரணத் தவறாகாது. அந்தக் குழந்தையின் கணக்கில் அது இன்னொருவர் விட்டுப் போனதாகவே சேரும். இந்தியாவுக்குத் திரும்பும் எண்ணம் அடுத்த ஆண்டுக்குள் இருந்தால், வேலை மாற்றம் நிச்சயமாக இருந்தால், இந்த வழியை இப்போது எடுக்காதீர்கள்.

வேலை என்ன என்றால், பெரும்பாலும் கேட்பது. நீதிமன்ற உத்தரவு கையில் இருப்பதால் பள்ளிப் பதிவேடு, மருத்துவப் பதிவேடு எல்லாம் பார்க்கலாம். ஆசிரியர், ஃபாஸ்டர் பெற்றோர், பெற்றோர், பாட்டி, மருத்துவர் என்று ஒவ்வொருவரிடமும் பேசுவீர்கள். விசாரணைக்கு முன் ஓர் அறிக்கை எழுதிக் கொடுப்பீர்கள். நல்ல தன்னார்வலருக்கும் வெறும் நல்லவருக்கும் உள்ள வேறுபாடு அந்த அறிக்கையில் தெரிந்துவிடும். "தாய்க்குக் குழந்தை மீது அக்கறை இல்லை" என்று எழுதினால் அது உங்கள் கருத்து. எதிர்த் தரப்பு வழக்கறிஞர் ஒரே கேள்வியில் அதை உடைத்துவிடுவார். "மார்ச் மாதத்தில் ஒழுங்கு செய்யப்பட்ட எட்டுச் சந்திப்புகளில் தாய் ஐந்துக்கு வந்தார். வராத மூன்றும் மாலை நான்கு மணிக்கு வைக்கப்பட்டவை. அவருடைய வேலை ஐந்து மணிக்கு முடிகிறது. சந்திப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றப் பரிந்துரைக்கிறேன்" என்று எழுதினால் நீதிபதி அதை வைத்து அன்றைக்கே ஓர் உத்தரவு போட முடியும். தேதி, எண்ணிக்கை, நேரில் பார்த்தது, பிறர் சொன்னது, உங்கள் பரிந்துரை. இவற்றைத் தனித்தனியாகப் பிரித்து எழுதப் பழகினால் போதும். ஆங்கில நடை அழகாக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

இனி நம்மவர்களுக்காகவே ஒன்றைச் சொல்ல வேண்டும். நம்மில் பெரும்பாலோர் படித்து, வேலை பார்த்து, நல்ல பள்ளி உள்ள பகுதியாகத் தேடி வீடு வாங்கியவர்கள். அந்தக் கண்ணோடு ஒரு வழக்கைப் பார்த்தால், ஃபாஸ்டர் பெற்றோரின் நான்கு படுக்கையறை வீட்டையும் தாயின் ஒற்றை அறையையும் மனம் தானாக ஒப்பிட்டுவிடும். "குழந்தைக்கு எது நல்லது என்று இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்?" என்று தோன்றும். அந்த ஒப்பீட்டைச் செய்யவே கூடாது. எந்த வீடு மேல் என்பது கேள்வியே இல்லை. தாயின் வீடு பாதுகாப்பானதா, போதுமானதா என்பதுதான் கேள்வி. குழந்தைகள் பிரிக்கப்படும் வழக்குகளில் பெரும்பாலானவற்றில் பதிவாகும் காரணம் கவனிப்பின்மை. கவனிப்பின்மைக்கும் வறுமைக்கும் இடையே உள்ள கோடு பல வேளைகளில் மங்கலாகவே இருக்கிறது. மின்கட்டணம் கட்ட முடியாத வீட்டையும் அன்பில்லாத வீட்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் குழந்தையின் பெயரால் ஒரு குடும்பத்தையே கலைத்துவிடக்கூடும். டெக்ஸஸ் மாநில வழக்குகளை வைத்துச் செய்யப்பட்ட ஓர் ஆய்வில், காஸா தன்னார்வலர் நியமிக்கப்பட்ட குழந்தைகள் பெற்றோரிடம் திரும்பும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாக இருந்தது. கடினமான வழக்குகளுக்கே தன்னார்வலர்களை நியமிக்கிறார்கள் என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அந்த ஆய்வை நடத்தியவர்கள் வழக்குகளின் தன்மையையும் கணக்கில் எடுத்துத்தான் இந்த முடிவுக்கு வந்தார்கள். ஆகவே அந்தப் பதிலோடு நான் அமைதியடையவில்லை. ஒவ்வொரு அறிக்கையை எழுதி முடித்ததும், பெற்றோரைப் பற்றி நல்லதாக எத்தனை வரி எழுதியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஒன்றுமே இல்லையென்றால், நான் சரியாகப் பார்க்கவில்லை என்று பொருள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. காஸா தன்னார்வலர் பேசுவது குழந்தையின் நலனை. குழந்தையின் வழக்கறிஞர் பல மாநிலங்களில் பேசுவது குழந்தையின் விருப்பத்தை. பன்னிரண்டு வயதுப் பையன் "அம்மாவிடம் போகிறேன்" என்கிறான். அம்மாவின் வீட்டில் அவனை அடித்தவர் இன்னும் இருக்கிறார். அப்போது உங்கள் பரிந்துரை அவன் விருப்பத்துக்கு எதிராகப் போகலாம். ஆனாலும் அவன் சொன்னதை அவன் வார்த்தைகளிலேயே நீதிபதியிடம் சேர்க்க வேண்டிய கடமை உங்களுக்கு இருக்கிறது. அதைவிட முக்கியம், எதைப் பரிந்துரைக்கப் போகிறீர்கள் என்பதை விசாரணைக்கு முன்பே அவனிடம் சொல்லிவிடுவது. நீதிமன்றத்தில் உட்கார்ந்து அவன் முதன்முறையாக அதைக் கேட்கக்கூடாது. பெரியவர்கள் முடிவெடுத்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கடைசியில் சொல்வது நம் வீடுகளில் சகஜம். இங்கே அந்தப் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட வேண்டும்.

செய்யக்கூடாதவையும் நம் இயல்புக்கு ஒத்து வராதவை. குழந்தையை வீட்டுக்கு அழைத்து வந்து இட்லி கொடுக்க முடியாது. பொங்கலுக்குக் கூப்பிட முடியாது. கோயிலுக்கு அழைத்துப் போக முடியாது. குழந்தையின் சமயம் பெற்றோரின் உரிமை. பரிசுகளுக்கு வரம்பு உண்டு, பணம் கூடவே கூடாது. காரில் ஏற்றிச் செல்லலாமா என்பது அமைப்புக்கு அமைப்பு மாறும். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிறிய ஊராக இருந்து, வந்த வழக்கு உங்களுக்குத் தெரிந்த இந்தியக் குடும்பத்துடையதாக இருந்தால் உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லி விலகிக்கொள்ளுங்கள். தமிழ்ச் சங்க விழாவில் அடுத்த வரிசையில் உட்காரப் போகிறவரின் வழக்கை நீங்கள் பார்க்கக்கூடாது.

இரண்டாம் வழி: குழந்தைக்கு வீடு கொடுப்பது

ஃபாஸ்டர் பெற்றோராவது. ஐந்திலும் மிகப் பெரியது இதுதான், சந்தேகமே இல்லை. மற்ற நான்கு வழிகளில் வருபவர்கள் வந்து போகிறவர்கள். இதில் நடுராத்திரி இரண்டு மணிக்கு அழும் குழந்தை உங்கள் வீட்டில் இருக்கிறது.

இதற்கு உரிமம் வேண்டும். பயிற்சி, வீட்டு ஆய்வு, வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் கைரேகைச் சோதனை எல்லாம் முடிய மாதங்கள் ஆகும். குழந்தையின் செலவுக்கு மாதந்தோறும் அரசு ஒரு தொகை தரும்; அது வருமானமாகக் கருதக்கூடியது அல்ல. நம் குடும்பங்களில் யாரும் யோசிக்காத ஒன்று: ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்குவார்கள். அவர்களும் வீட்டில் வசிக்கும் பெரியவர்கள்தான். உரிம அலுவலரிடம் முன்கூட்டியே சொல்லி, என்ன சோதனை வேண்டும் என்று கேட்டாக வேண்டும். அதேபோல, கோடை விடுமுறையில் குழந்தையையும் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் பறந்துவிட முடியாது. நாட்டை விட்டு வெளியே செல்ல அனுமதி வேண்டும். கிடைக்காவிட்டால் அந்த வாரங்களுக்கு வேறோர் உரிமம் பெற்ற குடும்பத்தில் குழந்தை தங்கும். இப்படித்தான் ஏற்கெனவே வீடு விட்டு வீடு மாறிய குழந்தை அது.

சைவக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அடுப்பில் எது ஏறும் என்பது உங்கள் விருப்பம். ஆனால் தாயை விட்டு வந்த ஏழு வயதுக் குழந்தைக்குப் பழகிய சாப்பாடு மட்டுமே ஆறுதலாக இருக்கும் நாட்கள் உண்டு. அந்த நாட்களில் கோழித்துண்டு வாங்கிக் கொடுக்க மனம் வருமா என்று இப்போதே யோசித்துப் பாருங்கள். வராது என்றால் அது குற்றம் அல்ல. வேறு வழிகள் இருக்கின்றன.

ஃபாஸ்டர் பெற்றோருக்கு விசாரணை பற்றிய அறிவிப்பும், நீதிபதியிடம் தங்கள் கருத்தைச் சொல்லும் வாய்ப்பும் சட்டப்படி உண்டு. 2014-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, தோழி வீட்டில் ஓர் இரவு தங்குவது, பள்ளிச் சுற்றுலா போவது போன்ற அன்றாட முடிவுகளை ஒவ்வொன்றுக்கும் அலுவலகத்தைக் கேட்காமல் அவர்களே எடுக்கலாம். ஆனால் அவர்களை நடுநிலையான பரிந்துரையாளர் என்று சொல்ல முடியாது. குழந்தையைத் தூக்கி வளர்த்த கைகளுக்குத் திருப்பிக் கொடுக்கும் நாள் வலிக்கும். அந்த வலி இருக்கக்கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. அது நீதிபதி முன் பேசும் குரலில் கலந்துவிடும். அதனால்தான் ஒரே வழக்கில் ஃபாஸ்டர் பெற்றோரே காஸா தன்னார்வலராகவும் இருக்க அனுமதிப்பதில்லை. இந்த வழியை எடுக்கும் தம்பதி ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்தக் குழந்தையை நம் குழந்தையாக நேசித்துவிட்டு, அதன் அம்மா வெற்றி பெற வேண்டும் என்று உண்மையாகவே வேண்டிக்கொள்ள நம்மால் முடியுமா?

மூன்றாம் வழி: பள்ளியில் பெற்றோரின் இடத்தில் உட்காருவது

அதிகம் பேருக்குத் தெரியாத வழி இது. நம் சமூகத்துக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று இல்லை என்பது என் எண்ணம்.

சிறப்புக் கல்வி தேவைப்படும் ஒரு குழந்தைக்கு ஆண்டுதோறும் ஐ.இ.பி. எனப்படும் தனிக் கல்வித் திட்டம் வகுக்கிறார்கள். அதில் கையெழுத்திட, மறுக்க, கேள்வி கேட்க உரிமை உள்ளவர் பெற்றோர். பெற்றோர் இல்லாமலோ, கண்டுபிடிக்க முடியாமலோ போனாலும், குழந்தை அரசின் பொறுப்பில் இருந்தாலும், பெற்றோரின் இடத்தில் ஒருவரை நியமிக்க வேண்டும் என்கிறது கூட்டாட்சிச் சட்டம். தேவை தெரிந்ததும் 30 நாட்களுக்குள் நியமிக்க முயல வேண்டும். பள்ளி மாவட்டத்திலோ குழந்தையைப் பராமரிக்கும் துறையிலோ வேலை செய்பவர் இந்தப் பொறுப்பில் இருக்க முடியாது. ஆகவே வெளியார் ஒருவர் தேவை. மாசசூசெட்ஸில் இதற்கென்றே மாநில அளவில் ஆள் சேர்த்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் காஸா தன்னார்வலரையே கல்வி உரிமைக்குப் பொறுப்பாளராக நீதிமன்றம் நியமிப்பதும் உண்டு.

மூன்று பள்ளி மாறிய ஒரு குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பள்ளியில் தொடங்கிய பேச்சுப் பயிற்சி இரண்டாவதில் நின்றுவிட்டது. மூன்றாவது பள்ளிக்குப் பதிவேடே வந்து சேரவில்லை. வகுப்பில் கத்துகிறான் என்று இடைநீக்கம் செய்கிறார்கள். நம் பிள்ளைக்கு இப்படி நடந்தால் மறுநாள் காலை எட்டு மணிக்குப் பள்ளி அலுவலகத்தில் நிற்போம். அந்தக் குழந்தைக்காக நிற்பதற்கு யாரும் இல்லை. 2015-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, நலனுக்கு உகந்தது என்றால் வீடு மாறினாலும் பழைய பள்ளியிலேயே படிக்க உரிமை உண்டு. பள்ளி மாறியே ஆக வேண்டும் என்றாலும் பதிவேடு வரவில்லை என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்காமல் இருக்க முடியாது. இந்த இரண்டும் தெரிந்த ஒருவர் மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்தால் கூட்டத்தின் போக்கே மாறிவிடும்.

நேரம் குறைவாகவே போகும்: ஆண்டுக்குச் சில கூட்டங்கள், அவற்றுக்கான தயாரிப்பு, குழந்தையை ஓரிரு முறை வகுப்பில் பார்ப்பது. மதிப்பெண்ணைப் பற்றிய நம் பதற்றத்தை மட்டும் வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும். அந்தக் குழந்தைக்குக் கணக்கில் 'ஏ' வாங்குவது இந்த ஆண்டின் இலக்காக இருக்க முடியாது. வாரம் ஐந்து நாளும் பள்ளிக்கு வருவதே பெரிய இலக்கு.

நான்கும் ஐந்தும்

மறுஆய்வுக் குழு என்பது சில மாநிலங்களில் மட்டும் உள்ளது. ஃபாஸ்டர் கேரில் இருக்கும் ஒவ்வொரு குழந்தையின் நிலையையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை யாராவது ஆராய வேண்டும் என்று 1980-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்த ஆய்வில் பொதுமக்களையும் சேர்த்துக்கொண்ட மாநிலங்களில் அரிசோனா ஒன்று. அங்கே 1978-இலேயே தொடங்கிவிட்டார்கள். ஐந்து தன்னார்வலர்கள் கொண்ட குழு கூடி, கோப்புகளைப் படித்து, சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டு, நீதிபதிக்குப் பரிந்துரை அனுப்புகிறது. முன்கூட்டியே தெரிந்த தேதி, திட்டமிட்ட வேலை. குழந்தையோடு உறவு ஏற்படாது. உணர்ச்சிவசப்பட்டு உடைந்துபோவோம் என்று அஞ்சுகிறவர்களுக்கும், கோப்பைப் படித்து ஓட்டையைக் கண்டுபிடிக்கும் தணிக்கையாளர் மனம் உள்ளவர்களுக்கும் ஏற்றது. ஒரே நாளில் பல குழந்தைகளின் வழக்கு உங்கள் கண் முன் போகும் என்பதால், குழந்தை நலத் துறை எங்கே திரும்பத் திரும்பத் தவறுகிறது என்பது ஒரு காஸா தன்னார்வலரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஐந்தாவது, வழிகாட்டித் தோழமை. நியூயார்க் சிறார் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்த எர்னஸ்ட் கோல்ட்டர் 1904-இல் தொடங்கிய முயற்சியே இன்றைய பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்பின் வேர். மாதம் சில முறை ஒரு பிள்ளையோடு பந்து விளையாடுவது, நூலகம் போவது, சமைப்பது, பேசுவது. நீதிமன்றத்தில் உங்களுக்கு இடமில்லை, கோப்பு எதையும் பார்க்க முடியாது. அந்தக் குறையிலேயே ஒரு நிறையும் இருக்கிறது. நீங்கள் யாருக்கும் அறிக்கை எழுதுவதில்லை என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அதன் வாழ்க்கையில் அறிக்கை எழுதாத பெரியவர்கள் மிகக் குறைவு. பதினேழு வயதில், இன்னும் சிறிது காலத்தில் இந்த அமைப்பை விட்டு வெளியே போகப் போகிற ஒருவருக்கு வங்கிக் கணக்கு திறப்பதையும் ஓட்டுநர் உரிமம் எடுப்பதையும் சொல்லித் தர இந்த உறவைவிடச் சிறந்தது இல்லை.

எதை எடுப்பது

கைக்குழந்தை இருக்கும் வீடு, இரண்டு பேருக்கும் வேலை: இப்போதைக்கு மறுஆய்வுக் குழுவோ கல்விப் பொறுப்போ போதும். காஸா வேண்டாம். விசாரணைகள் வார நாட்களில், பகலில் நடக்கும். குறிப்பிட்ட நேரம் போட்டிருந்தாலும் இரண்டு மணி நேரம் காத்திருக்க நேரலாம். மேலாளரிடம் இதைப் பேசி, ஆண்டுக்கு நான்கைந்து அரை நாள் கிடைக்கும் என்று உறுதியானால் மட்டும் காஸாவுக்கு விண்ணப்பியுங்கள்.

பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்ட ஐம்பது வயதுக்காரர்கள், இந்த ஊரிலேயே இருக்கப் போகிறவர்கள்: தயங்காமல் காஸா. நேரமும் இருக்கிறது, பிள்ளை வளர்த்த பொறுமையும் இருக்கிறது. உங்களில் சிலர் ஃபாஸ்டர் பெற்றோராகவும் ஆகலாம். ஆனால் பிள்ளைகள் போன வெறுமையை நிரப்பிக்கொள்வதற்காக அதை எடுக்காதீர்கள். ஏற்கெனவே நிறையச் சுமக்கும் குழந்தையின் தோளில் உங்கள் தனிமையையும் ஏற்றக்கூடாது.

வேலை விசாவில் வந்தவரின் துணைக்குக் கிடைக்கும் எச்-4 விசாவில் இருந்து, வேலை அனுமதி இல்லாமல் வீட்டில் இருப்பவர்களில் நல்ல தன்னார்வலராகக்கூடியவர்கள் ஏராளம். அவர்களுக்கு ஒரு தடை: பின்னணிச் சோதனைக்குச் சமூகப் பாதுகாப்பு எண் கேட்பார்கள், அவர்களிடம் பெரும்பாலும் அந்த எண் இருக்காது. முப்பது மணி நேரப் பயிற்சிக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்பே இதைத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் பதில் ஒன்றாக இருக்காது.

வேறோர் எச்சரிக்கை, குணத்தைப் பற்றியது. அதிகாரியை எதிர்த்துப் பேசத் தயங்குகிறவர்கள் காஸாவில் திணறுவார்கள். சமூகப் பணியாளர் மரியாதையானவர், அனுபவசாலி, உங்களைவிட நூறு மடங்கு வேலைப்பளு உள்ளவர். அவர் எழுதியதோடு உங்கள் முடிவு ஒத்துப்போகாத நாள் நிச்சயம் வரும். அன்று அதை நீதிபதி முன் முதல்முறையாகச் சொல்லாமல், ஒரு வாரம் முன்பே அவரை அழைத்து, "இந்த இடத்தில் நான் வேறு மாதிரி எழுதியிருக்கிறேன், காரணம் இது" என்று சொல்ல வேண்டும். பாதிச் சச்சரவு அந்த அழைப்பிலேயே தீர்ந்துவிடும். சில நேரம் உங்கள் கையில் இல்லாத ஒரு தகவல் அவரிடமிருந்து வரும்; நீங்கள்தான் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். கோபத்தில் கதவைத் தட்டுகிறவர்களுக்கும் இது ஒத்துவராது. எல்லாத் தரப்பும் உங்கள் அழைப்பை எடுத்தால்தான் உங்களால் குழந்தைக்கு எதையும் செய்ய முடியும்.

காஸாவைத் தேர்ந்தெடுத்தால், உங்கள் கவுன்டி அமைப்பின் அறிமுகக் கூட்டத்துக்குப் போகும்போது சில கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். என் மேற்பார்வையாளர் எத்தனை தன்னார்வலர்களைப் பார்க்கிறார்? தேசிய விதி முப்பது பேருக்கு மேல் போகக்கூடாது என்கிறது. என் அறிக்கையை நீதிமன்றம் போவதற்கு முன் யார் படித்துத் திருத்துவார்? என் பரிந்துரையோடு அமைப்பு உடன்படாவிட்டால் என்ன நடக்கும்? முதல் வழக்காக ஒரு குழந்தை மட்டும் உள்ளதைக் கொடுப்பீர்களா, உடன்பிறந்தவர்கள் நான்கு பேரைக் கொடுப்பீர்களா? ஞாயிற்றுக்கிழமை மாலை ஃபாஸ்டர் வீட்டிலிருந்து அழைப்பு வந்து, குழந்தையைக் காணவில்லை என்று சொன்னால், நான் யாரை அழைப்பது, அவர் எடுப்பாரா?